ட்ரிங்காஸ், பார்க் ஸ்ட்ரீட்: உஷா உதுப் பாடிய மேடைக்கு எதிரே ஒரு ராச்சாப்பாடு

கொல்கத்தாவில் மூன்று நாள் இருந்தோம், நானும் அம்மாவும். காளிகாட், விக்டோரியா மெமோரியல் எல்லாம் அம்மாவின் பட்டியல். என் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு இடம்தான், பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ட்ரிங்காஸ் ரெஸ்டாரன்ட். சாப்பாட்டுக்காக அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உஷா உதுப் பாடி வளர்ந்த மேடையை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

நம்மில் நிறையப் பேருக்கு உஷா உதுப் என்றால் பெரிய பொட்டு, பட்டுப்புடவை, கனத்த குரல், டிவியில் நடுவர். அவர் பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் என்பதும், பாடத் தொடங்கியது நம் மவுண்ட் ரோட்டில்தான் என்பதும் பலருக்குத் தெரியாது. சஃபையர் தியேட்டர் வளாகத்தில் ‘நைன் ஜெம்ஸ்’ என்று ஒரு நைட் கிளப் இருந்தது. 1969இல் அங்கேதான் மேடை ஏறினார், அப்போது அவர் பெயர் உஷா ஐயர். பள்ளிக்கூடத்தில் இந்தக் குரல் பாட்டுக்கு ஒத்துவராது என்று பாட்டு வகுப்பிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்ட பெண் அவர். கூட்டுப்பாட்டில் சேராத அந்தக் கட்டைக் குரல்தான் பிறகு சோறு போட்டது. அதை அவர் மெலிதாக்கிக்கொள்ளவே இல்லை, எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

சென்னைக்கு அப்புறம் பம்பாயின் ‘டாக் ஆஃப் த டவுன்’, அதன்பிறகு இந்த ட்ரிங்காஸ். அந்தக் காலத்துப் பார்க் ஸ்ட்ரீட் மேடைகளில் பாம் கிரெய்ன் மாதிரி ஜாஸ் பாடகிகள் கவுன் அணிந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே கையில் வளையல், தலையில் பூ, காஞ்சிபுரம் பட்டு என்று ஒரு பெண் வந்து நின்று ஆங்கிலப் பாட்டைத் தொண்டை அதிரப் பாடினால் எப்படி இருந்திருக்கும்! இந்தக் கூடத்தில் பாடிக்கொண்டிருந்தபோதுதான் பின்னாளில் கணவரான ஜானி சாக்கோ உதுப்பைச் சந்தித்தார். பம்பாய்ப் பெண் கொல்கத்தாக்காரி ஆனது அப்படித்தான், இன்று அந்த ஊருக்கே அவர் தீதி, அதாவது அக்கா.

சரி, இடத்துக்கு வருகிறேன். சின்சியோ ட்ரிங்கா என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் 1939இல் டீ, கேக் கடையாக நடத்தத் தொடங்கியது. 1959இல் பூரி, ஜோஷுவா என்ற இருவர் வாங்கி ராத்திரி இசைக்கு மாற்றினார்கள். இன்னும் பூரி குடும்பம்தான் நடத்துகிறது. உள்ளே நுழைந்ததும் எனக்கு முதல் ஆச்சரியம், மேடைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையில் இருக்கும் தூரம். தூரம் என்று சொல்வதற்கே ஒன்றும் இல்லை. பாடுகிறவருக்கு முன் மேசைக்காரர் கட்லெட்டை வெட்டுவது தெரியும், எந்த மேசையில் பேச்சு ஓடுகிறது, எங்கே யார் கொட்டாவி விடுகிறார் என்பதும் தெரியும். அங்கே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் உஷா உதுப்பின் திறமை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது. சபா கச்சேரிக்கு வருகிறவர் பாட்டைக் கேட்கத்தான் வருகிறார். இங்கே வருகிறவர் சாப்பிட, குடிக்க, அரட்டை அடிக்க வருகிறார், அவரைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும், அதுவும் தினமும், மணிக்கணக்கில். பஞ்சாபிக்காரர் மேசைக்கு ஒரு பாட்டு, மலையாளிக்கு ஒன்று, வெளிநாட்டுக்காரருக்கு ஒன்று. 15க்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடுகிறவர் என்று அவரைச் சொல்கிறோமே, அந்தப் பழக்கம் இப்படிப்பட்ட மேசைகளுக்கு முன்னால் பழுத்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

அம்மாவுக்கு வாசலில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. “பாருக்கா கூட்டிட்டு வந்திருக்க?” என்று கேட்டார். உள்ளே தாத்தா, பாட்டி, குழந்தை என்று குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நைட் கிளப்பில் பாடும் பெண் என்றால் எல்லா ஊரிலும் ஒரு பார்வை இருந்தது. 1980களில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர் உஷா உதுப்பின் பாட்டையே ‘அபசம்ஸ்கிருதி’, அதாவது சீரழிந்த பண்பாடு என்று சொல்லி அரசு அரங்கில் பாட விடாமல் தடுத்தார். உஷா ஊரை விட்டுப் போகவில்லை. கோர்ட்டுக்குப் போய் ஜெயித்துவிட்டு அதே ஊரில் தொடர்ந்து பாடினார். 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண். விருதுகளைவிட அந்தக் கோர்ட் வழக்குதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. கான்டினென்டல், சீன, வட இந்திய வகைகள் மூன்றும் உண்டு. நாங்கள் பெக்டி மீன் வறுவலும் ஃபிரைட் ரைஸும் சொன்னோம், மீன் நன்றாக இருந்தது, ரைஸ் பரவாயில்லை. காரசாரமாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். பரிமாறியவர் பழைய ஆள், அம்மாவின் தமிழ் கலந்த இந்தியைப் பொறுமையாகக் கேட்டு, அம்மாவுக்கு மட்டும் சூப்பை மிளகு குறைத்துக் கொண்டுவந்தார்.

அப்புறம் பேண்ட் தொடங்கியது. ஒரு இளம்பெண் பாடினார். அம்மா ஒரு துண்டுச் சீட்டில் பழைய இந்திப் பாட்டு ஒன்றின் பெயரைத் தமிழில் எழுதி, அப்புறம் அடித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அடுத்ததற்கு அடுத்த பாட்டாக அது வந்தது, பாடும்போது அந்தப் பெண் எங்கள் மேசையைப் பார்த்துச் சிரித்தார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

முந்தின நாள் இதே ஊரில் வேறொரு ரெஸ்டாரன்டில் ‘லைவ் மியூசிக்’ என்று பலகை பார்த்து உள்ளே போனோம். பாட்டு ஸ்பீக்கரில் ஓட, ஒருவர் மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அந்த வருத்தம் இங்கே போனது.

எழுபதுகளில் கேளிக்கை வரி, மின்வெட்டு, அரசியல் கலவரம் எல்லாம் சேர்ந்து பார்க் ஸ்ட்ரீட்டின் பல மேடைகளை அணைத்துவிட்டன. சென்னையில் நைன் ஜெம்ஸ் இருந்த கட்டடமே இன்று இல்லை. உஷா உதுப் தொடங்கிய இடத்தை நம்மால் காப்பாற்ற முடியவில்லை, அவர் வளர்ந்த இடத்தில் இன்றும் ஒருவர் மைக் பிடித்துப் பாடுகிறார். அதனால்தான் இந்த இடத்துக்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

போகிறவர்களுக்கு: பகலில் போகாதீர்கள், பாட்டு நேரத்தை ஃபோனில் கேட்டுவிட்டு அதற்கு அரை மணி முன்னால் போய் மேடை தெரியும் மேசையாகக் கேளுங்கள். காது கூசுகிறவர்கள் ஸ்பீக்கரை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காரலாம். கைக்குழந்தையோடு போனாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. நாங்கள் ஒரு மணி நேரம் என்று நினைத்துப் போனோம், கிளம்பலாமா என்று நான் மூன்று தடவை கேட்டேன், “இந்தப் பாட்டு முடியட்டும்” என்றார் அம்மா, மூன்று தடவையும்.