‘லீஸ் சாமான்’ என்று சொல்லி விற்ற லப்டொப்: யாழ்ப்பாணத்தில் பழசு வாங்குவோர் கவனிக்க

யாழ்ப்பாணத்தில் இப்போது ‘லீஸ் சாமான்’ என்ற பேச்சு இல்லாமல் பழைய லப்டொப் வாங்க முடியாது. வெளிநாட்டுக் கொம்பனிகள் மூன்று நான்கு வருடம் வாடகைக்கு எடுத்துப் பாவித்துத் திருப்பிக் கொடுத்தவை, டுபாய் வழியாகக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து இங்கே வருகின்றன. அதில் நல்ல சாமான் நிறையவே இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதே பெயரைச் சொல்லி, தண்ணீர் பட்டு மதர்போட் (உள்ளே சிப்புகள் எல்லாம் பொருத்தியிருக்கும் பெரிய போட்) செத்து, சூடு கொடுத்து எழுப்பிய மெசின்களையும் விற்கிறார்கள். அப்படி ஒன்று எங்கள் வீட்டில் கிடக்கிறது. கொடுத்த காசு 85,000 ரூபா.

தங்கச்சிக்கு யாழ் பல்கலைக்கழகம் கிடைத்ததும் முதலில் வந்த செலவு இதுதான். புதுசு வாங்க வசதியில்லை. டவுணில் ஒரு கடைக்குப் போனோம். (முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. உள்பெட்டியில் கேட்டாலும் சொல்ல மாட்டேன், மன்னிக்கவும்.) “அண்ணை, டுபாயில இருந்து வந்த லீஸ் சாமான். ஒரு கீறல் இல்லை, வடிவாப் பாருங்கோ. கழட்டினதே இல்லை” என்றார் கடைக்காரர். கடையிலேயே போட்டுப் பார்த்தோம். கீபோட்டில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தோம், கமரா பார்த்தோம், வைஃபை பிடித்து வீடியோ ஓட்டினோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பில்லில் ‘லப்டொப் 1, வொறண்டி 3 மாதம்’ என்று எழுதித் தந்தார்.

கடைக்குள் ஏசி. எங்கள் வீடு சீற் போட்ட வீடு, அப்போது சித்திரை வெயில். பின்னேரங்களில் தங்கச்சி வேலை செய்துகொண்டிருக்கும்போது ஸ்கிரீனில் கோடு கோடாக வந்து அப்படியே நிற்கும். அமத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் திரும்ப வரும். இரவில் பிரச்சினை இல்லை. விண்டோஸ் பிழையாக்கும் என்று கடையில் கொடுத்தோம், திரும்பப் போட்டுத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே கதை. அப்புறம் ஒரு நாள் ஒப்படை கொடுக்க வேண்டிய நேரத்தில் நின்றது நின்றதுதான். பவர் பட்டனில் வெளிச்சம் வருகிறது, காத்தாடி சுத்துகிறது, ஸ்கிரீனில் ஒன்றுமில்லை.

கொண்டுபோனால் கடைக்காரரின் முகமே வேறு. “மதர்போட்டுக்கு வொறண்டி இல்லை எண்டு அண்டைக்கே சொன்னனான் தானே.” சொல்லவில்லை. பில்லிலும் இல்லை. “கரண்ட் கூடிக் குறைஞ்சிருக்கும், எங்கட பிழை இல்லை” என்பது அடுத்த கதை. போட் மாற்றுவதென்றால் இன்னும் 40,000 ரூபா வேண்டும் என்றார். தங்கச்சி பக்கத்தில் நின்று அழத் தொடங்கிவிட்டாள். அந்தக் காசு எப்படிச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு திருநெல்வேலியில் லப்டொப் திருத்துகிற ஒரு தம்பியிடம் கொடுத்தோம். பின்பக்க மூடியைக் கழற்றியதுமே, “அண்ணை, கிட்ட வந்து பாருங்கோ” என்று கூப்பிட்டு லைட்டை அடித்துக் காட்டினார். பிணைச்சல் பூட்டுகிற பிளாஸ்ரிக் குமிழ் இரண்டும் உடைந்து, மஞ்சள் நிறப் பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு ஆணிகளின் தலை தேய்ந்திருந்தது, ஒன்று மற்றவற்றை விட நீளமானது. கீபோட்டுக்கு நேர் கீழே போட்டில், தண்ணீர் பட்ட அடையாளமாகப் பச்சைக் களிம்பு. பெரிய சிப்பைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒட்டும் பிசுக்கு, பக்கத்தில் இருந்த கறுப்பு ரேப் சூட்டில் சுருங்கிப் போயிருந்தது. கழட்டினதே இல்லை என்று விற்ற சாமான்!

அந்தத் தம்பி விளங்கப்படுத்தியதை எல்லோரும் அறிந்து வைத்திருப்பது நல்லது. சிப்புக்கும் போட்டுக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஈயக் குண்டுமணிகள் இருக்கும். விழுந்தாலோ, தண்ணீர் பட்டாலோ, வருடக்கணக்கில் சூடாகி ஆறியதாலோ அவற்றில் சில விட்டுப்போகும். முறையாகச் செய்வதென்றால் சிப்பைக் கழற்றி, புதுக் குண்டுமணி வைத்து, திரும்பப் பொருத்த வேண்டும். அதற்கு நேரமும் கைப்பழக்கமும் வேண்டும். விற்றுத் தள்ள நினைக்கிறவர்கள் சூட்டுக் காற்றை மேலாக அடித்து விடுகிறார்கள். விட்ட இடம் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், மெசின் வேலை செய்யும். கடையில் அரை மணி நேரம் பார்க்கிறவருக்குப் புது மெசின் போலவே தெரியும். பிறகு வெயிலிலும் வேலையிலும் சூடாகிச் சூடாகி, சில கிழமைகளிலோ சில மாதங்களிலோ திரும்ப விட்டுப்போகும். காசு வாங்கியவருக்கு அதுவரை ஓடினால் போதும்.

இன்னொன்றையும் அவர்தான் பிடித்தார். லப்டொப்பின் அடியில் ஒட்டியிருந்த சீரியல் இலக்கம் வேறு, போட்டுக்குள் பதிவாகியிருந்த லப்டொப் சீரியல் இலக்கம் வேறு. அதாவது ஒரு மெசினின் உடம்பு, இன்னொரு மெசினின் போட். இது கடையில் நின்றபடியே எவரும் பார்க்கக்கூடிய விஷயம், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். லப்டொப்பைப் போட்டதும் பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்க முன் வரும், போட்டிலேயே இருக்கிற அமைப்புத் திரை) போனால் சீரியல் இலக்கம் தெரியும். லெனோவோ திங்க்பேட்டில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 அமத்த வேண்டும். அந்த இலக்கமும் அடியில் ஒட்டியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு அதே இலக்கத்தை அந்தந்தக் கொம்பனியின் இணையத்தளத்தில் போட்டால் அது என்ன மொடல், வொறண்டி எப்போது முடிந்தது என்று காட்டும். மூன்றும் பொருந்தாவிட்டால், அல்லது பயோஸில் இலக்கமே இல்லாவிட்டால், கடைக்காரர் என்ன காரணம் சொன்னாலும் வைத்துவிட்டு வாருங்கள். பயோஸுக்குள் போக பாஸ்வேட் கேட்டாலும் அப்படித்தான். “அது பழைய கொம்பனி போட்டது, பிரச்சினை இல்லை” என்பார்கள். பெரிய பிரச்சினை. அந்தப் பூட்டைத் திறக்கச் சில மொடல்களில் போட்டிலேயே கைவைக்க வேண்டிவரும்.

பழைய கொம்பனியின் பூட்டு இன்னொரு வடிவத்திலும் வரும். சில லப்டொப்களை அந்தக் கொம்பனி மைக்ரோசொஃப்ட்டில் தன் பெயரில் பதிந்து வைத்திருக்கும். கடையில் இன்ரநெட் இல்லாமல் விண்டோஸ் போட்டுத் தருவதால் அது தெரியாது. பிறகொரு நாள் நீங்கள் புதிதாக விண்டோஸ் போட்டு இன்ரநெட்டில் இணைக்கும்போது, எங்கோ இருக்கிற கொம்பனியின் பெயரைக் காட்டி அவர்களின் கணக்கைக் கேட்கும். ஆகவே காசு கொடுக்க முன், இன்ரநெட்டோடு ஒருமுறை ரீசெட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். நேரம் எடுக்கும்தான், இருந்து பாருங்கள்.

சூட்டுச் சோதனையை விடவே வேண்டாம். ஏசி இல்லாத இடத்தில் வைத்து, பெரிய வீடியோ இரண்டு மூன்றை ஒன்றாக ஓடவிட்டு, குறைந்தது ஒரு மணி நேரம் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். ஸ்கிரீனை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டும்போது படம் வெட்டினால் ஸ்கிரீன் வயரில் பிழை. திறக்கும்போது பிணைச்சல் பக்கம் விரிசல் விடுகிறதா, முறுக்குச் சத்தம் வருகிறதா என்றும் கவனியுங்கள்.

பற்றரிக்கு விண்டோஸிலேயே ஓர் அறிக்கை எடுக்கலாம். புதிதாக இருந்தபோதைய கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அதில் இருக்கும். பாதிக்குக் கீழே என்றால் பற்றரி விலையைக் கழித்துப் பேசுங்கள். ஆனால் அந்த எண்ணையும் மாற்றி வைக்கிறவர்கள் உண்டு. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாவித்துப் பார்ப்பதுதான் உண்மையைச் சொல்லும். கண்ணாடி மேசையில் வைக்கும்போது லப்டொப் ஆடினாலோ, விரல் தேய்க்கும் பகுதி மேலே தூக்கி நின்றாலோ பற்றரி வீங்கியிருக்கலாம். வீங்கிய லித்தியம் பற்றரி தீப்பிடிக்கக்கூடியது, அதை அழுத்திப் பார்க்கவே வேண்டாம்.

சார்ஜர் துவாரத்தையும் பாருங்கள். திங்க்பேட் டி480 போன்றவை யூஎஸ்பி சி துவாரத்தால் மட்டுமே சார்ஜ் ஆகும், அந்தத் துவாரம் போட்டோடு ஈயம் வைத்துப் பொருத்தியது. இரண்டு துவாரத்திலும் மாட்டிப் பாருங்கள். டெல் என்றால் போடும்போது சார்ஜரை அடையாளம் காண முடியவில்லை என்ற செய்தி வருகிறதா என்று கவனிக்க வேண்டும். அப்படி வந்தால் பற்றரி சார்ஜ் ஆகாது, மெசினும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இன்டெல் புறொசெசரை ‘ஐ5’ என்று மட்டும் சொல்லி விற்கிறார்கள். அதற்குப் பின்னால் வரும் இலக்கம்தான் வயது. ஐ5-6300யூ ஆறாம் தலைமுறை, 2015இல் வந்தது. ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை, 2017. ஐ5-10210யூ, ஐ5-1135ஜி7 போன்றவற்றில் முதல் இரண்டு இலக்கம் சேர்ந்து பத்து, பதினொன்று என்று வரும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் அனுமதி. அதற்கு முந்தியவற்றிலும் குறுக்கு வழியில் 11ஐப் போட்டு வைத்திருக்கிறார்கள், அதை நம்பி விலை கொடுக்காதீர்கள்.

பில் விஷயத்தில் கூச்சப்படவே கூடாது. மொடல், சீரியல் இலக்கம், புறொசெசர், ராம், ‘மதர்போட் உட்பட வொறண்டி’ என்ற சொல், எத்தனை மாதம், கடை முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். ‘லீஸ் சாமான், திருத்தப்படாதது’ என்று வாயால் சொன்னால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற இடத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். வாங்குபவர் கேட்டால் விற்பவர் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். பொய் சொல்லி விற்பதும் குற்றம். இரண்டும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது.

நாங்கள் அந்தச் சட்டத்தின் கீழ்தான் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். பில்லின் பிரதி, உள்ளே எடுத்த படங்கள், இரண்டு சீரியல் இலக்கங்களின் படம், திருத்திய தம்பி எழுதித் தந்த குறிப்பு எல்லாம் இணைத்தோம். விசாரணைத் திகதிக்குக் காத்திருக்கிறோம். தங்கச்சி இப்போதைக்குச் சிநேகிதியின் லப்டொப்பில் வேலை செய்கிறாள்.

இதே மாதிரி அண்மையில் வாங்கியவர்கள் இன்றைக்கே சீரியல் இலக்கத்தைப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் கடையோடு வாய்த்தர்க்கம் பண்ணி நாளைக் கடத்த வேண்டாம். அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும். கால எல்லை மூன்று மாதம். அது பழுதான நாளில் இருந்து இல்லை, பில்லில் இருக்கும் விற்பனைத் திகதியில் இருந்து கணக்கு.