சிவப்பு செங்கல் நிறமாகி வந்த போஸ்டர்

போலந்தின் வூச் நகரக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள நியோபிளாஸ்டிக் அறையின் (நேர்கோட்டுக் கட்டங்களும் அடிப்படை நிறங்களுமே பிரதானமான கலைப்பாணியில் அமைந்த காட்சி அறை) புகைப்படத்தை, ஏ2 அளவு போஸ்டராக ஒரு ஆன்லைன் கடையில் வாங்கினேன். ஐந்துக்கு மூன்றுதான் தருவேன். தாள் அருமை, நல்ல கனம், பளபளப்பு இல்லை. போஸ்டரைச் சுருட்டி வைத்து அனுப்பிய அட்டைக் குழாய் ஒரு பக்கம் நசுங்கி வந்தது, சரி, அதை விடுங்கள். நிறத்தில்தான் கோட்டைவிட்டுவிட்டார்கள். சிவப்பு செங்கல் மாதிரி, மஞ்சள் கடுகு மாதிரி. வேறு படமென்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இதில் இருப்பதே சுவர்களில் சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை, சாம்பல் கட்டங்களும் நடுவே கதாஜினா கோப்ரோவின் சிற்பங்களும்தான். நிறம் போனால் மிச்சம் என்ன?

இத்தனைக்கும் இந்த அறை பட்ட பாடு கொஞ்சமில்லை. முதல் உலகப் போரில் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்த ஓவியர் விளாடிஸ்வாஃப் ஸ்ட்ஷெமின்ஸ்கி 1948-இல் இதை வடிவமைத்தார். சோஷலிச யதார்த்தவாதம் (உழைப்பாளர்களையும் சோஷலிசத்தையும் போற்றி, பார்த்ததும் புரியும்படி வரையும் பாணி) மட்டுமே கலை என்று ஸ்டாலின் காலத்து அரசு அழுத்த, அவர் மசியவில்லை. 1950-இல் கலைக் கல்லூரி வேலை போனது, அதே ஆண்டு அறையின் வண்ணங்களையும் பூசி மறைத்துவிட்டார்கள். 1952-இல் இறந்துபோனார். 1960-இல் அவருடைய மாணவர் போலெஸ்வாஃப் உட்கின்தான் அறையை மீண்டும் உருவாக்கினார்.

இதில் ஒரு வரிகூட கடையின் குறிப்பில் இல்லை. 'நவீன வரவேற்பறைக்கு ஏற்ற டிசைன்' என்று போட்டிருக்கிறார்கள், தலையில் அடித்துக்கொண்டேன். மாற்றித் தரச் சொல்லி எழுதியிருக்கிறேன். அதுவரை சுவரில் இருக்கட்டும், சாயங்கால வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கொஞ்சம் தேறுகிறது.