தொடர்மாடிகளில் விற்கும் "பீஃபாஸ் பில்டர்": வாங்க முதல் இதை வாசியுங்கள்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத் தொடர்மாடிகளில் கதவைத் தட்டி, குடிதண்ணீரில் இருக்கும் பீஃபாஸ் என்ற "அழியாத இரசாயனத்தை" முற்றாக எடுத்துவிடும் என்று சொல்லி ஒரு பில்டர் விற்கிறார்கள். எங்கள் வீட்டுக்கும் விற்றார்கள், 78,000 ரூபாவுக்கு. சொன்ன வேலையை அது செய்யாது. செய்கிறது என்று அவர்கள் காட்டிய சோதனைகளும் ஏமாற்று. கம்பனியின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது நடக்கட்டும். ஒரே மெஷினுக்கு வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டி விற்பதாகவும் தெரிகிறது. அதனால் பெயரைவிட அவர்கள் ஏமாற்றும் விதத்தைத் தெரிந்துவைத்திருப்பதுதான் உங்களுக்கு உதவும்.

வந்தவர்கள் இரண்டு இளைஞர்கள். நல்ல தமிழ், நல்ல மரியாதை, கழுத்தில் "நீர்த் தர அலுவலர்" என்று எழுதிய அட்டை. எந்த நிறுவனத்தின் அலுவலர் என்று அட்டையில் இல்லை. வீட்டில் அம்மாவும், பிள்ளை பெற்று வந்திருந்த அக்காவும்தான் இருந்தார்கள். குழந்தையைக் கண்டதும் அவர்களுடைய பேச்சு முழுக்க அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"அம்மா, பேபிக்குப் பால்மா கரைக்கிறதும் இந்தப் பைப் தண்ணியிலதானே?"

"ஓம் தம்பி, கொதிக்க வைச்சு ஆறவிட்டுத்தான்."

"கொதிக்க வைச்சாலும் இது போகாது அம்மா. வெளிநாட்டில தடை செய்த சாமான். உடம்புக்குள்ள போனா லேசில வெளியில வராது."

அப்புறம் ஃபோனில் ஒன்றன்பின் ஒன்றாக வீடியோக்கள். அமெரிக்காவில் நோய்ப்பட்டவர்கள், அழும் தாய்மார். பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் போய் இப்படிப் பயமுறுத்தி விற்றதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர்கள் சொன்ன பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பீஃபாஸ் என்பது ஒரு பொருள் அல்ல, புளோரின் கலந்த ஆயிரக்கணக்கான செயற்கை இரசாயனங்களின் பொதுப்பெயர். ஒட்டாத சட்டிப் பூச்சு, கறை பிடிக்காத துணி, எண்ணெய் ஊறாத உணவுப் பொதி, எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை என்று பல பத்தாண்டுகளாகப் பாவனையில் இருப்பவை. காபனும் புளோரினும் பிடித்துக்கொள்ளும் பிணைப்பு, சேதன இரசாயனத்தில் மிக வலுவான ஒற்றைப் பிணைப்பு. அதனால்தான் இவை மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் கிடக்கின்றன. சிதையாமல் நிலைத்து நிற்கும் நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான ஸ்டொக்ஹோம் சாசனத்தின் பட்டியலில், பீஃபாஸ் வகைகளான பீஎஃப்ஓஎஸ் 2009இலும் பீஎஃப்ஓஏ 2019இலும் சேர்க்கப்பட்டன. 2023இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் பீஎஃப்ஓஏயை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தொகுதியில் வைத்தது. 2024இல் அமெரிக்கா இந்த இரண்டுக்கும் குடிநீரில் லீற்றருக்கு 4 நனோகிராம் என்று எல்லை போட்டது. நம்மைத் தொடாத சங்கதி என்றும் சொல்ல முடியாது. இலங்கையின் நகர மக்களிடமும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் எடுத்த இரத்த மாதிரிகளில் இந்தப் பொருட்கள் இருந்ததை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கொதிக்கவைத்தால் போகாது என்றதும் சரிதான். நீர் ஆவியாகும், இவை பானையிலேயே மிஞ்சும்.

அதோடு, அவர்களுடைய பில்டருக்குள் இருக்கும் ஆக்டிவேட்டட் காபன், அதாவது நுண்துளைகள் நிறைந்த கரி, இவற்றைப் பிடிக்கும் என்பதும் உண்மை. அமெரிக்காவில் ஒஹாயோவின் லிட்டில் ஹொக்கிங் என்ற ஊருக்கு, பக்கத்துத் தொழிற்சாலையின் பீஎஃப்ஓஏ கலந்த தண்ணீரைச் சுத்திகரிக்க 2007இல் போட்டதும் காபன் வடிகட்டிதான். இவ்வளவும் உண்மையாக இருந்ததால் மிச்சத்தையும் வீட்டில் நம்பிவிட்டார்கள்.

முதல் சோதனை இரண்டு கிளாஸ். ஒன்றில் எங்கள் பைப் தண்ணீர். மற்றதில் "எங்கட மெஷின் தண்ணி" என்று அவர்களே ஒரு போத்தலில் கொண்டுவந்தது. நாலு உலோகக் கம்பிகள் நீட்டியிருந்த கருவியைக் கரண்டில் போட்டு இரண்டிலும் அமுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் பைப் தண்ணீர் மண்ணிறமாகி, மேலே அழுக்கு நுரையும் அடியில் சேறும் வந்துவிட்டது. போத்தல் தண்ணீர் அப்படியே இருந்தது. "இதைத்தான் அம்மா நீங்கள் இவ்வளவு காலமும் குடிச்சிருக்கிறீங்கள்" என்றார் ஒருவர். அக்கா அழுதுவிட்டாள்.

அந்தச் சேறு தண்ணீரில் இருந்து வந்ததல்ல, கம்பியில் இருந்து வந்தது. கம்பிகளில் இரும்பும் இருக்கிறது. மின்சாரம் போகும்போது இரும்பு கரைந்து துருவாகப் படிகிறது. தண்ணீரில் இயற்கையான உப்புகள் கொஞ்சம் இருந்தாலே மின்சாரம் போகும். உப்பு முழுக்க நீக்கிய தண்ணீரில் கடத்தல் குறைவு, அதனால் ஒன்றும் நடக்காது. அவர்கள் கொண்டுவந்த போத்தலில் அப்படிப்பட்ட தண்ணீர்தான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் காபன் பில்டர் உப்பை எடுப்பதில்லை. பிறகு நான் அதே மாதிரிக் கருவி ஒன்று எடுத்து, எங்கள் வீட்டில் பூட்டிய மெஷினில் இருந்து வந்த தண்ணீரில் போட்டேன். பைப் தண்ணீர் எப்படி மண்ணிறமானதோ அப்படியே அதுவும் ஆனது. கடையில் வாங்கிய காய்ச்சி வடித்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அதில் ஒரு சிட்டிகை கறியுப்புப் போட்டதும் அதுவும் சேறானது. யாராவது வீட்டில் வந்து இதைச் செய்து காட்டினால், தெளிவாக நிற்கிற கிளாசில் கொஞ்சம் உப்புப் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது டீடிஎஸ் மீற்றர். அதில் தெரிந்த எண்ணைக் காட்டி "இதுதான் கெமிக்கல் அளவு" என்றார்கள். அந்த மீற்றர் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை அளந்து, கரைந்த உப்பாகக் கணக்குப் பண்ணிக் காட்டுகிறது. அதில் 1 என்று விழுந்தால் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம், அதாவது பத்து இலட்சம் நனோகிராம். நாங்கள் பேசுவது 4 நனோகிராமைப் பற்றி. அதை அந்த மீற்றர் எந்தக் காலத்திலும் காணாது. பீஃபாஸை அளக்க திரவ நிறப்பிரிகையும் திணிவு நிறமாலைமானியும் சேர்ந்த பெரிய ஆய்வுகூடக் கருவி வேண்டும். மாதிரி எடுக்கும் போத்தலின் மூடிக்குள் டெஃப்லோன் இருந்தாலே முடிவு கெட்டுவிடும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை அது. சமையலறை மேசையில் பீஃபாஸ் அளந்து காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் பொய்.

மெஷினைப் பூட்டிய அன்று மூன்றாவது சோதனை: மஞ்சள் சொட்டு மருந்து. பைப் தண்ணீரில் விட்டால் மஞ்சள், பில்டர் தண்ணீரில் விட்டால் நிறமில்லை. இது உண்மையான சோதனை, ஆனால் குளோரினுக்கானது. குளோரினை எந்த மலிவான காபனும் நொடியில் எடுத்துவிடும். அம்பத்தலையில் களனி கங்கைத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறார்கள், அதனால் நிறம் வரத்தான் வேண்டும். குளோரின் போனதைக் காட்டி பீஃபாஸ் போனதாகச் சொன்னார்கள்.

இனி மெஷினுக்குள் இருந்ததைச் சொல்கிறேன். தண்ணீரில் ஒரு பூஞ்சண வாடை வரத் தொடங்கியதும் காட்ரிஜைக் கழற்றி அறுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் நிறம் நிறமான செரமிக் உருண்டைகள், "மினரல் கல்" என்று சொன்னவை. காபன் இருந்த இடம் ஒரு பெரிய தேத்தண்ணிக் கப் அளவுதான், 400 மில்லிலீற்றர் வரும். அந்தக் குழாயில் நிமிடத்துக்கு 2 லீற்றர் தண்ணீர் வருகிறது. கணக்குப் பாருங்கள்: தண்ணீர் காபனோடு இருக்கும் நேரம் 12 விநாடி. பீஃபாஸ் எடுக்கும் சுத்திகரிப்பு நிலையங்களில் குருணைக் காபனோடு தண்ணீரை 10 முதல் 20 நிமிடம் வரை வைத்திருக்கிறார்கள். மூலக்கூறு குருணையின் நுண்துளைக்குள் போய் ஒட்ட நேரம் வேண்டும். நல்ல வீட்டு பில்டர்களில் காபனை மாவாக்கி அழுத்திய கட்டியாகச் செய்திருப்பார்கள். துணிக்கை சிறிது என்பதால் குறைந்த நேரத்திலும் பிடிக்கும். எங்களுடையது பெருங்குருணை, அதுவும் அரைகுறையாக நிரப்பியது.

"சிலோன் சிரட்டைக்கரி, அயடீன் எண் 1000" என்று பெருமையாக எழுதியும் இருந்தது. நம்முடைய சிரட்டைக்கரிக் காபன் உலகத்தரமானதுதான், இலங்கை அதை நாடு நாடாக ஏற்றுமதி செய்கிறது. ஆனால் அயடீன் எண் சொல்வது மிகச் சிறிய துளைகள் எவ்வளவு என்பதை. பீஃபாஸ் மூலக்கூறுக்கு அதைவிடச் சற்றுப் பெரிய துளைகளும் வேண்டும். அயடீன் எண்ணைக் காட்டி பீஃபாஸுக்கு உத்தரவாதம் தர முடியாது.

"ஒரே காட்ரிஜ், அஞ்சு வருஷம்" என்று சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசமான பொய். காபன் பீஃபாஸை அழிப்பதில்லை, பிடித்து வைத்திருக்கிறது. இடம் நிரம்பினால் மிச்சம் கடந்து போகும். மூலக்கூறில் காபன் அணுக்களின் சங்கிலி நீளமாக உள்ள பீஎஃப்ஓஎஸ் போன்றவை கொஞ்சக் காலம் நிற்கும். நாலு காபன் அணு மட்டும் கொண்ட குட்டைச் சங்கிலிகள் முதலில் நழுவிவிடும். ஆற்றுத் தண்ணீரில் இலைதழை அழுகி வரும் இயற்கைச் சேதனப் பொருட்களும் அதே இடத்துக்குப் போட்டி போடும். நிரம்பிய பிறகு, ஏற்கெனவே பிடித்திருந்த குட்டைச் சங்கிலிகளை நீளமானவை தள்ளி வெளியேற்றுவதும் உண்டு. அப்போது உள்ளே போகும் தண்ணீரைவிட வெளியே வரும் தண்ணீரில் அவை கூடுதலாக இருக்கும். இது வெறும் கோட்பாடு அல்ல. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகமும் வீடுகளில் பாவிக்கும் பில்டர்களைச் சோதித்தன. தண்ணீரை நுண்சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் ஆர்ஓவும், சிங்குக்குக் கீழே பூட்டும் இரட்டைக் கட்ட பில்டர்களும் பெரும்பாலும் முழுதாக எடுத்தன. மற்றக் காபன் பில்டர்கள் சராசரியாக 73 வீதம், அதுவும் பில்டருக்கு பில்டர் பெரிய வித்தியாசத்தோடு. வீடு முழுவதுக்கும் பூட்டிய சிலவற்றில் அளவு கூடியே இருந்தது.

சான்றிதழும் காட்டினார்கள், பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டு. என்எஸ்எஃப் 42. என்எஸ்எஃப் என்பது பில்டர்களுக்குத் தரச் சான்று கொடுக்கும் அமெரிக்க நிறுவனம். 42 உண்மையான தரம்தான், ஆனால் அது சுவை, மணம், குளோரின் பற்றியது. பீஎஃப்ஓஏ, பீஎஃப்ஓஎஸ் குறைப்புக்குப் பார்க்க வேண்டியது 53. ஆர்ஓ என்றால் 58. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்தப் பொருளைக் குறைக்கச் சோதித்தது என்பதும் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் ஈயத்துக்கு மட்டும் 53 வாங்கியவையும் உண்டு. மாடல் இலக்கத்தை என்எஸ்எஃப் இணையத்தளத்தில் போட்டுத் தேடலாம். எங்கள் மெஷினின் இலக்கம் அங்கே இல்லை. 53 இருந்தாலும்கூட 4 நனோகிராமுக்குக் கீழே இறக்கும் என்று அது உறுதி சொல்லவில்லை என்பதை 2024இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரமே மக்களுக்குச் சொல்லியிருக்கிறது.

சேவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாடை வருகிறது என்று கம்பனிக்குக் கோல் எடுத்தபோது, விற்கும்போது இலவசம் என்ற காட்ரிஜுக்கு 14,500 ரூபா கேட்டார்கள். காசைத் திருப்பித் தரச் சொன்னதும் என் இலக்கத்தை பிளாக் பண்ணிவிட்டார்கள்.

குழந்தை உள்ள வீடுகள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். "இனிக் கொதிக்க வைக்கத் தேவையில்லை அம்மா" என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். காபன் கிருமியைக் கொல்லாது. குளோரினையும் எடுத்துவிடுவதால், மாற்றாமல் கிடக்கும் காட்ரிஜுக்குள் கிருமி பெருகும். அம்மா பழக்கத்தை விடாமல் கொதிக்க வைத்தார், நல்ல காலம். பீஃபாஸுக்குக் கொதிக்கவைப்பது பயனில்லை, கிருமிக்கு அதுதான் பயன். ஒன்றைக் காட்டி மற்றதை நிறுத்தச் சொன்னவர்களை நான் வியாபாரிகள் என்றே எண்ணவில்லை.

இந்த மெஷினைப் பூட்டியிருப்பவர்கள் குழந்தைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, பைப் தண்ணீரையே கொதிக்க வைத்துக் கொடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எங்கள் பற்றுச்சீட்டில் "தண்ணீர் பில்டர் 1" என்று மட்டும்தான் எழுதியிருந்தார்கள், பீஃபாஸ் என்ற சொல்லே இல்லை. அவர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரப் படமும் குரல் பதிவும் இருந்ததால்தான் என்ன சொல்லி விற்றார்கள் என்பதை எங்களால் காட்ட முடிந்தது. அவற்றை அழித்துவிடாதீர்கள், காட்ரிஜையும் எறிந்துவிடாதீர்கள். முறைப்பாட்டுக் கடிதம் எழுத உதவி வேண்டியவர்கள் எனக்குத் தகவல் அனுப்புங்கள். நாங்கள் எழுதியதன் பிரதியைத் தருகிறேன்.