பாட்டிலாக வேண்டாம், கிளாஸில் ஊற்றுங்கள்: நாசிக்கில் இரண்டு நாள்

இந்திய ஒயின் என்றால் நம்மில் பலருக்கும் சட்டென்று வரும் பெயர் சூலா. அதில் தப்பே இல்லை, 1990களின் பிற்பாதியில் அதைத் தொடங்கிய ராஜீவ் சாமந்த் நாசிக்கில் ஒயின் திராட்சை நடாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அந்த ஊரில் இத்தனை ஒயினரிகள் வந்திருக்குமா என்பதே சந்தேகம்தான். ஆனால் அதே மண்ணில் சின்ன அளவில், ரொம்ப அக்கறையாக ஒயின் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் நம் காதுக்கு வருவதே இல்லை. கடையில் போய் நின்றால் கேள்விப்படாத பாட்டிலுக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுக்க யாருக்கும் கை வராது. அதனால் இந்தப் பொங்கல் லீவு முடிந்த கையோடு நானும் மச்சானும் நாசிக் போய், பாட்டில் எதுவும் வாங்காமல், கிளாஸ் கிளாஸாகவே குடித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் யார்க் ஒயினரி. கங்காபூர் அணைத் தண்ணீர் ஓரமாக இருக்கிறது. குர்னானி குடும்பம் 2006இல் ஆரம்பித்தது, ஒயின் செய்கிற கைலாஷ் குர்னானி ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் அதைப் படித்துவிட்டு வந்தவர். 2021இல் சூலா இதை வாங்கிவிட்டது, ஆனாலும் யார்க் என்ற பெயரிலேயே ஒயின் வருகிறது. இங்கே செய்ய வேண்டியது, முதலில் டேஸ்டிங் கேட்பது. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வாய் வருகிற மாதிரி வரிசையாக ஊற்றித் தருவார்கள். அதில் எது பிடிக்கிறதோ அதை மட்டும் முழு கிளாஸாக வாங்கி உட்கார்ந்துவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஷெனின் பிளாங்க் என்ற திராட்சையில் செய்த வெள்ளை ஒயின். ஊற்றியதும் ஜில்லென்று இருந்தது, வாசனையே இல்லை, எலுமிச்சைப் புளிப்பு மட்டும். சரி, இருக்கட்டும் என்று கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தோம். கிளாஸின் வெளியே பூத்த வேர்வை வழிந்து காய்ந்த பிறகு மறுபடி மோந்தால் கொய்யா, அதுவும் அரைப்பழமாக இருக்கும்போது அறுத்தால் வருமே, அந்த வாசனை. இன்னும் கொஞ்ச நேரத்தில் லேசாகத் தேன். ஒரே கிளாஸ்தான், அரை மணி நேரத்தில் மூன்று விதமாக மாறியது. அர்ரோஸ் என்று, ஷிராஸ், காபர்னே சொவினியோன் என்ற இரண்டு கறுப்புத் திராட்சைகளைக் கலந்த ஒரு சிவப்பு ஒயினும் உண்டு, நல்ல ஒயின்தான், ஆனால் மரப்பீப்பாயின் வாசனை என் நாக்குக்கு ஒரு படி தூக்கல். மச்சானுக்கு அதுதான் பிடித்தது.

அடுத்த நாள் வல்லோனே. நாசிக் நகரத்தில் இல்லை, மும்பை போகிற வழியில் இகத்புரி பக்கம், கவ்னாயை ஒட்டி, முகனே அணையைப் பார்த்தபடி இருக்கிறது. ஷைலேந்திர பை தொடங்கிய சின்ன ஒயினரி. இங்கே வியோன்யே என்ற திராட்சையில் செய்த வெள்ளை ஒயினைக் கேளுங்கள், வேறு எதைக் கேட்காவிட்டாலும். வெள்ளை ஒயினில் இப்படிப் பூ வாசனை வரும் என்று நான் நினைத்ததே இல்லை, மல்லிகைச் சரத்தை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பிரித்த மாதிரி. கடைசியில் வான் த பாஸ்ஸரியாஜ் என்று ஒரு இனிப்பு ஒயின், ஷெனின் பிளாங்க் பழத்தைச் சீக்கிரம் பறிக்காமல் கொடியிலேயே வாட விட்டுச் சர்க்கரை ஏறிய பிறகு செய்வது. இதைப் பாட்டிலாக யாரும் முதல் தடவையே வாங்க மாட்டார்கள். சின்ன கிளாஸில் ஊற்றிக் கொடுத்ததால்தான் எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. நாங்கள் அதற்குப் பிறகு காபிகூடக் குடிக்கவில்லை, அந்த ருசி போகக்கூடாது என்று.

இப்போது குறை. முதல் நாள் ராத்திரி நகரத்தில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டோம். மெனுவில் உள்ளூர் சிவப்பு ஒயின் கிளாஸில் கிடைக்கும் என்று இருந்தது, ஆசையாகக் கேட்டோம். வந்தது வெதுவெதுப்பாக, மூக்கருகில் கொண்டுபோனதும் காடி வாசனை. பாட்டில் எப்போது திறந்தது என்று கேட்டால் பரிமாறியவருக்குத் தெரியவில்லை, உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து ஞாயிற்றுக்கிழமை என்றார். அன்று வியாழன். கிளாஸை மாற்றித் தந்தார்கள், அதற்கு நன்றி, ஆனால் எங்கள் இடத்தில் அந்த ஒயினரியை அன்றுதான் முதல் தடவை குடிப்பவர் இருந்திருந்தால் அதன் பெயரை வாழ்நாள் முழுக்க மோசம் என்றே சொல்லிக்கொண்டிருப்பார். செய்தவர் மேல் எந்தத் தப்பும் இல்லாமலே.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பாட்டில் 750 மில்லி, கிளாஸுக்கு 150 ஊற்றினால் ஐந்து கிளாஸ். திறந்த பிறகு காற்றுப் பட்டுக் கெட ஆரம்பிக்கும், மூடி போட்டு குளிரில் வைத்தாலும் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். பெயர் தெரியாத ஒயினை அன்று ஒருவர் மட்டும் கேட்டால் மீதி நாலு கிளாஸும் நஷ்டம். ஆகவே கடைக்காரர் ஓடுகிற பெயரை மட்டும் கிளாஸில் வைக்கிறார், புதியவருக்கு இடமே கிடைப்பதில்லை, இடம் கிடைக்காததால் யாருக்கும் பெயர் தெரிவதில்லை. கொராவின் மாதிரி கருவி வைத்திருக்கிற இடங்களில் கார்க்கைப் பிடுங்காமலே ஊசி வழியாக ஊற்றி, எடுத்த அளவுக்கு ஆர்கான் வாயுவை உள்ளே விடுகிறார்கள், அங்கே பயமில்லாமல் கேட்கலாம். இல்லாத இடத்தில் பாட்டில் என்றைக்குத் திறந்தது என்று கேளுங்கள், கூச்சமே வேண்டாம். சிவப்பு ஒயினை 'ரூம் டெம்பரேச்சர்' என்று சொல்லி நம் ஊர் 30 டிகிரியில் கொண்டுவந்தால் பத்து பதினைந்து நிமிஷம் ஐஸ் வாளியில் வைக்கச் சொல்லுங்கள்; 16, 18 டிகிரிதான் அதற்குச் சரி.

சென்னையில் இவற்றைத் தேடாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு லேபிளுக்கும் தனித்தனியாகப் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும், சின்ன ஒயினரிக்கு அது கட்டுப்படியாகாது. பெங்களூரு பரவாயில்லை, நந்தி மலையடிவாரத்து குரோவர் ஜாம்பா, ஹம்பி பக்கத்துக் கிருஸ்மா என்ற இரண்டு ஒயினரிகளும் கர்நாடகத்திலேயே இருக்கின்றன. நான் கம்பத்துக்காரன், பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே விளையாடி வளர்ந்தவன். அந்தத் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வருஷம் முழுக்கக் காய்க்கிறது, ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் ஒயினை நாசிக்கைப் போல ஒரு மேஜையில் உட்கார்ந்து கிளாஸில் கேட்டு வாங்க எனக்கு இன்றுவரை ஓர் இடம் கிடைக்கவில்லை. யார்க்கில் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சை அடைத்தது அதுதான்.

போகிறவர்களுக்கு: ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், ஐரோப்பாவைப் போல இல்லாமல் இங்கே அறுவடை அப்போதுதான், கொடியில் பழம் தொங்குவதைப் பார்க்கலாம். வார நாளில் போனால் ஊற்றித் தருகிறவர்கள் நிதானமாகப் பேசுவார்கள். ட்ரை டே, அதாவது மது விற்கக்கூடாத நாள், இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கண்டிப்பாக டிரைவரோடு வண்டி எடுங்கள். வல்லோனேயில் எங்கள் டிரைவர் அண்ணனுக்கு, கேட்காமலே திராட்சை ஜூஸ் கொண்டுவந்து வைத்தார்கள்.