பூட்டா, பலகையா? மென்பொருள் ஏஜென்ட்டுகளுக்கு எது கட்டுப்பாடு?

யாரும் பக்கத்தில் நின்று பார்க்காமல் தானாக முடிவெடுக்கும் ஏஜென்ட்டுகளை ஒழுங்காக நடக்கவைக்க இரண்டு வழி: நெறி (மதிப்பார்கள் என்று நம்பி வைக்கும் பலகை), ஒப்பந்தம் (ஒத்துக்கொண்டதில் கட்டிப்போடும் பூட்டு).

நெறிக்கு நல்ல உதாரணம் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி, 1994-ல் மார்ட்டைன் கோஸ்டர் முன்வைத்தது. இணையதளத்தின் வாசலில் ஒரு சின்னக் கோப்பு. ‘யூசர்-ஏஜென்ட்: *’, அடுத்த வரியில் ‘டிஸ்அலோ: /’ என்று இருந்தால் தளங்களைத் தானாக மேயும் எந்த நிரலும் உள்ளே வரக்கூடாது. வந்தால்? ஒன்றும் ஆகாது. ‘கேட் முன் வண்டி நிறுத்தாதீர்’ பலகைதான். 2022-ல் ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தர ஆவணமாக முறைப்படுத்தியபோது, இது நுழைவு அனுமதிக்கான ஏற்பாடு அல்ல என்று அந்த ஆவணமே சொல்லிவிட்டது. ஆனாலும் தேடுபொறிகள் பல ஆண்டுகள் மதித்தன. பக்கத்தை எடுத்துக்கொண்டு வாசகரை அனுப்பிவைத்தன, இரு தரப்புக்கும் லாபம். ஏஐ பயிற்சிக்குப் பக்கங்களை அள்ளிச்செல்லும் நிரல்களான கிராலர்கள் வந்ததும் அந்தக் கணக்கு உதைத்தது. 2025 ஜூலையில், இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம், புதிதாகச் சேரும் தளங்களில் அவற்றைத் தடுப்பதையே இயல்புநிலையாக்கியது.

ஒப்பந்த வழியின் பழைய வடிவம், ரீட் ஸ்மித் 1980-ல் வெளியிட்ட கான்ட்ராக்ட் நெட். ஒரு ஏஜென்ட் வேலையை அறிவிக்கும், மற்றவை ஏலம் கேட்கும், பொருத்தமானதுக்கு வேலை போகும். டெண்டர்தான். ஒத்துக்கொண்டு கைவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் பெரிதாக விடை இல்லை.

ஸ்மார்ட் கான்ட்ராக்ட் அந்த ஓட்டையை அடைக்க வந்தது: நிரலாகவே எழுதி பிளாக்செயினில் (பல கணினிகள் பகிர்ந்து வைக்கும் பதிவேடு) தானாக ஓடும், மீறவே முடியாத ஒப்பந்தம். 2016-ல் ‘தி டிஏஓ’ என்ற, இப்படி நிரலால் ஓடிய முதலீட்டு நிதி, சுமார் 15 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தரை (எத்தீரியம் பிளாக்செயினின் நாணயம்) திரட்டியது. அதன் நிரல் முதலில் பணத்தை அனுப்பிவிட்டு, அப்புறம்தான் கணக்கில் கழித்தது. ஜூன் 17 அன்று ஒருவர், கழிப்பதற்குள் திரும்பத் திரும்பக் கேட்டு ஏறத்தாழ 36 லட்சம் ஈத்தரை உருவினார். நிரல் எழுதியபடிதான் நடந்தது; அதுதான் சிக்கல். உருவிய பணத்தை வெளியே எடுக்கச் சில வாரம் காத்திருக்கவேண்டும் என்ற விதி நிரலில் இருந்ததால் மட்டுமே அவகாசம் கிடைத்தது. ஜூலை 20-ல் எத்தீரியம் சங்கிலியையே கிளைபிரித்து, புதுக் கிளையில் பணத்தை மீட்டார்கள். பூட்டு கைவிட்ட இடத்தில் கூடிப்பேசித்தான் தீர்த்தார்கள்.

என் தேர்வு? பணம் கைமாறும் இடத்தில் ஒப்பந்தம், அதுவும் காத்திருப்புக் காலத்தோடு. மற்ற இடங்களில் நெறி போதும், மீறியவரை அடையாளம் கண்டு வெளியே தள்ள வழி இருந்தால்.

‘நிரல்தான் சட்டம்’ என்று கிளைபிரிப்பை ஏற்காதவர்கள் பழைய சங்கிலியை எத்தீரியம் கிளாசிக் என்ற பெயரில் இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.