தலையணையை அடித்ததில் தலைவலிதான் மிச்சம்: எட்டு வாரப் பரிவுப் பயிற்சி பற்றி

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். குறைந்த ஒன்றரை எங்கே போனது என்பது பின்னால் வரும். நடத்தியவர்களின் பெயரைச் சொல்லவில்லை, திட்டவும் போகிறேன் என்பதால். இதே பாடத்தைப் பலர் பல பெயர்களில் நடத்துகிறார்கள். நீங்கள் சேர நினைக்கும் ஒன்றுக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். 29 வருடமாக இதே வேலை. கூண்டில் நிற்பவர் பேசப் பேச எழுத வேண்டும். அவர் உடைந்து அழுதால் அந்த அழுகையை எழுத வேண்டியதில்லை, அடுத்த சொல் வரும்வரை பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால், இவள் யார் பக்கம் என்று ஒருவராவது நினைத்துவிடுவார். ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, அதற்கும் பிறகு வீட்டிலும் அதே முகம்தான். “கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே மேடம்” என்று ஓர் இளம் வக்கீல் ஒருமுறை வியந்தார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அம்மா 14 மாதம் படுத்த படுக்கையாக இருந்து போனாள். பார்த்துக்கொண்டது நான். ஒருநாள் விடியற்காலை மூன்று மணி, அந்த இரவில் மூன்றாவது தடவையாக விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு பெரிய வழக்கில் குறுக்கு விசாரணை. “இன்னும் எத்தனை நாளைக்கும்மா இப்படி?” என்று கேட்டுவிட்டேன். விரிப்பு மாற்றுவதைப் பற்றித்தான் கேட்டேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள். நான் அழவில்லை. 11 வருடம் அழவில்லை. மூன்று மணிக்கு விழிப்பு மட்டும் தவறாமல் வந்தது. ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை. கூட வேலை செய்யும் ஒருத்தி இந்தப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, “நீயும் போய்ப் பாரேன்” என்றாள். அவள் சொன்னதால் போனேன், நம்பிக்கையால் அல்ல.

அமைப்பு இதுதான். எட்டு வாரம், வாரம் ஒருநாள் இரண்டரை மணி நேரம், காணொளியில். 12 பேர், ஒரு பயிற்றுநர். நடுவில் ஒரு அரைநாள் பேசாமல் இருக்கும் அமர்வு. தினமும் கேட்க 20 நிமிட ஒலிப்பதிவு. அடிப்படை அவர்களுடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, அதை அவர்களே முதல் நாள் சொல்லிவிட்டார்கள், அதற்கு ஒரு மதிப்பெண். கிறிஸ்டின் நெஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003இல் தன்மீது காட்டும் பரிவை மூன்றாகப் பிரித்து எழுதினார்: தன்னிடம் கனிவாக இருப்பது, இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று உணர்வது, வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் கவனிப்பது. பிறகு அவரும் கிறிஸ்டோஃபர் ஜெர்மரும் சேர்ந்து இதை எட்டு வாரப் பாடமாக வடிவமைத்தார்கள்.

எனக்கு முதலில் உறுத்தியது வார்த்தைதான். தன்மேல் இரக்கம் என்றதும் தமிழில் கழிவிரக்கம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. உட்கார்ந்து ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று புலம்புவது. அதற்கு எட்டு வாரப் பயிற்சி வேறு எதற்கு, எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பிறவியிலேயே வரும் என்று நினைத்தேன். பயிற்றுநரிடம் கேட்டும் விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “புலம்பும்போது நீங்கள் மட்டும்தான் உலகத்தில் இருப்பீர்கள். இங்கே கூட ஆட்கள் இருப்பார்கள்” என்றார். அந்த இரண்டாவது பகுதி எதற்கு இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

முதல் வாரப் பயிற்சி எளிது. நெருங்கிய தோழி ஒரு தப்பைச் செய்துவிட்டு வந்து அழுகிறாள், அவளிடம் என்ன சொல்வீர்கள், எந்தக் குரலில் சொல்வீர்கள், எழுதுங்கள். அடுத்து, அதே தப்பை நீங்கள் செய்தால் உங்களிடம் என்ன சொல்லிக்கொள்வீர்கள், எழுதுங்கள். முதல் பகுதியைச் சாதாரணத் தமிழில் நிதானமாக எழுதினேன். இரண்டாவதற்கு வந்ததும் கை தானாகச் சுருக்கெழுத்துக்கு மாறிவிட்டது. அவ்வளவு வேகம். யாரோ டிக்டேஷன் கொடுக்கிற மாதிரி வந்துகொண்டே இருந்தது, நான்கு பக்கம். நீதிமன்றத்தில் எந்த வக்கீலாவது ஒரு சாட்சியிடம் அப்படிப் பேசியிருந்தால் நீதிபதி இரண்டாவது வாக்கியத்திலேயே தடுத்திருப்பார். அதை என் கையெழுத்திலேயே படித்தபோது சிரிப்புதான் வந்தது, அழுகை இல்லை. ஆனால் அன்றைக்கு ஒலிப்பதிவை முழுதாகக் கேட்டேன்.

மூன்றாம் வாரம்தான் விஷயம். நெஞ்சில் கையை வைத்து, உங்களிடம் அன்பாக ஒரு சொல் சொல்லுங்கள் என்றார்கள். வைத்தேன். சொன்னேன். இதமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அண்ணன் மேல், வேலை மேல், செத்துப்போன அம்மா மேல், அந்த 20 நிமிட ஒலிப்பதிவு மேல். காதெல்லாம் சூடாகிவிட்டது. கேமராவை அணைத்துவிட்டேன். பயிற்றுநர் தனியாக எழுதினார்: “இது எதிர்பார்த்ததுதான். நெஞ்சை விடுங்கள். பாதம் தரையில் படுவதை மட்டும் கவனியுங்கள்.” அடுத்த வாரம் விளக்கினார். மூடிய அறைக்குள் காற்றில்லாமல் தணிந்து கிடக்கும் தீ, யாராவது கதவைத் திறந்ததும் புதுக் காற்றைக் குடித்து வெளியே பாயும். தீயணைப்பு வீரர்கள் இதற்கு வைத்திருக்கும் ‘பேக்டிராஃப்ட்’ என்ற பெயரையே ஜெர்மர் இங்கேயும் பயன்படுத்துகிறார். அன்பு உள்ளே போகும்போது பழைய வலி வெளியே வருவது பயிற்சி கெட்டுப்போனதற்கு அறிகுறி இல்லை. ஆனால் வேகத்தைக் குறைக்க வேண்டும், கதவை ஒரு விரற்கடை மட்டும் திறக்க வேண்டும். வேண்டுமானால் அன்று மூடியும் வைக்கலாம். “பயிற்சியை நிறுத்துவதும் பரிவுதான்” என்று அவர் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன். இதை மூன்றாம் வாரத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்பது என் புகார். கேமராவை அணைத்த இன்னொருவர் திரும்பி வரவே இல்லை.

என் கல் முகத்துக்கும் அந்த வாரத்தில்தான் விளக்கம் கிடைத்தது. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இருவர் 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. பார்க்கவே கூசும் மருத்துவச் சிகிச்சைக் காட்சிகளை ஓட்டி, ஒரு பகுதியினரை மட்டும் உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் பார்க்கச் சொன்னார்கள். முகம் அடங்கியது. உள்ளே இருந்த அருவருப்பு குறையவில்லை. தோலில் வியர்வையின் அளவு, அடக்காதவர்களைவிடக் கூடியிருந்தது. எனக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. நீண்ட சாட்சியம் முடிந்து எழுந்தால் பென்சில் பிடித்த கை நனைந்திருக்கும். 29 வருடமாக மின்விசிறி சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்த ஒன்றரை.

ஒலிப்பதிவின் தமிழ். “உங்கள் கனிவான விழிப்புணர்வை உங்கள் உடலின் மென்மையான இருப்பிற்குள் அழைத்து வாருங்கள்.” யாரை, எங்கே, எதற்கு? தூங்கப் போகும் நேரத்தில் இலக்கணப் பரீட்சை. பின்னணியில் ஓயாமல் ஒரு புல்லாங்குழல். அதை அணைக்க வழி இல்லை. நேரடி அமர்வில் பயிற்றுநர் “எங்க வலிக்குதோ அங்க கொஞ்சம் தளர விடுங்க, சரி பண்ண வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்” என்று சொல்வார். அவ்வளவுதான் வேண்டியது. அவரையே பேச வைத்துப் பதிவு செய்திருக்கலாம்.

இரண்டாவது, பெரிய குறை. ஆறாம் வாரத்துக்குப் பிறகு தனிக் கட்டணத்தில் ஒரு சிறப்பு அமர்வு, ‘அடக்கிய உணர்ச்சிகளை வெளியேற்றுதல்’. நடத்தியவர் வேறொருவர். உங்களை நோகடித்தவரை மனதில் நிறுத்திக்கொண்டு தலையணையை அடியுங்கள், கத்துங்கள், அடக்காதீர்கள் என்றார். அடித்தேன். நன்றாகவே அடித்தேன், தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. அடிக்கும்போது ஒரு வேகம், ஒரு சுகம் இருந்தது உண்மை. ஆனால் சாயங்காலம் தலைவலி, மறுநாள் எதைத் தொட்டாலும் எரிச்சல். அண்ணனுக்கு ஒரு செய்தி தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்தேன். அவன் மேலிருந்த கோபம் காலி ஆவதற்குப் பதில் புதுப்பித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

பிறகு தேடிப் பார்த்தால் இது பழைய கதை. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் 600 மாணவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார். முதலில் அவர்களைக் கோபப்படுத்தி, ஒரு பகுதியினரை அந்தக் கோபத்துக்குக் காரணமானவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார். இன்னொரு பகுதியினர் உடற்பயிற்சியாக நினைத்துக் குத்தினார்கள். மிச்சம் பேர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம். சும்மா இருந்தவர்களிடம்தான் பழிவாங்கும் வேகம் ஆகக் குறைவு. ஆறு வாரம் ‘மெல்ல, தளர்த்தி, இருக்க விடு’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, ஏழாவது வாரத்தில் அதற்கு நேர் எதிரான ஒன்றை அதே கடையில் விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. மனதில் இருப்பது குக்கர் ஆவி இல்லை, விசில் விட்டால் இறங்கிவிட. சேர்வதானால் இந்த ஒரு அமர்வுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள்.

ஏழாம் வாரம் கடிதம். உங்களைப் பற்றி எல்லாம் தெரிந்த, உங்கள்மேல் கோபமே வராத ஒருவர் உங்களுக்கு எழுதுவதாக நினைத்து எழுத வேண்டும். அவர் அந்த இரவில் அறைக்குள் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் பயிற்றுநர். ‘உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்’ என்பது போன்ற ஆறுதல்கள் எனக்கு எழுத வரவில்லை. எனக்குத் தெரிந்தது நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான். அதனால் அந்த ஆளை அறை மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வைத்தேன். மணி என்ன, விளக்கு எது எரிந்தது, நான் எந்தப் பக்கம் நின்றேன், விரிப்பின் எந்த முனையைப் பிடித்திருந்தேன். நான் கேட்ட கேள்வி. அடுத்த வரி எழுதக் கை தயாராக நின்றது, ஏனென்றால் கேள்விக்குப் பின்னால் பதில் வரும், அது என் கையில் ஊறிப்போனது. 11 வருடமாக அந்தக் காட்சி என் கேள்வியோடு முடிந்துவிடும். பதில் இருந்திருக்கிறது. “நீ போய்ப் படுடி” என்றாள் அம்மா.

நான் கற்ற பிட்மன் சுருக்கெழுத்து முறையில் மெய்யொலிகளுக்குத்தான் கோடு. உயிரொலிகளைப் புள்ளியாகவும் சிறு கீற்றாகவும் பக்கத்தில் போட வேண்டும். வேகமாக எழுதும்போது முக்கால்வாசி விட்டுவிடுவோம், இடம் பார்த்துப் படித்துக்கொள்ளலாம் என்று. தொனிக்கு அதில் குறியே கிடையாது. அம்மா அதை அலுப்பில் சொன்னாளா, கோபத்திலா, இல்லை என் கண்ணைப் பார்த்துவிட்டு அம்மாவாகச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் அந்த மூன்று சொல்தான். அன்றைக்கு அழுதேன். அழகாக எல்லாம் இல்லை, மூக்கு ஒழுக, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். தலையணை தேவைப்படவில்லை.

யார் சேரலாம்? என்னைப்போலப் பழைய ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு அன்றாட வேலையையும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு நிச்சயம் பயன்படும். ஆனால் பயிற்றுநர் ஆசிரியர்தான், சிகிச்சையாளர் இல்லை. அதை அவரே சொன்னார், நிறுவனத்தின் விளம்பரம் சொல்லவில்லை. சேர்க்கைப் படிவத்தில் உடல்நலம் பற்றி ஒரே ஒரு கேள்வி. உயிரை விடும் எண்ணம் வருகிறவர்கள், வன்முறையை அனுபவித்து அது இன்னும் கண்முன்னால் ஓடிக்கொண்டிருப்பவர்கள், முதலில் ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் சிகிச்சையாளரையோ பார்த்துப் பேசிவிட்டு, அவர் சரி என்றால் மட்டும் இதற்கு வாருங்கள். குழுவில் உங்கள் கதையைச் சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். நான் எட்டு வாரமும் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை குழுவில் பேசவில்லை, பயிற்சிக்கு அதனால் எந்தக் குறையும் வரவில்லை.

மூன்று மணி விழிப்பு முழுதாகப் போகவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வருகிறது. நெஞ்சில் கை வைப்பது இன்றும் எனக்குக் கூச்சம், அதனால் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொள்கிறேன், பென்சில் பிடிக்கும் கையை. பெரும்பாலும் தூக்கம் திரும்ப வந்துவிடுகிறது.

முடிந்ததும் கருத்துப் படிவம் அனுப்பினார்கள். மேலே உள்ள எல்லாவற்றையும் வரிசையாக எழுதி அனுப்பினேன். நான்கு நாளில் பதில் வந்தது. அடுத்த குழுவுக்குப் புல்லாங்குழலை எடுத்துவிடுகிறார்களாம். தலையணை அமர்வு பற்றி ஒரு வார்த்தை இல்லை.