சலீமின் பண்டேஜும் நம் பாமசிகளில் கிடைக்கும் கிறேப்பும்

யாழ்ப்பாணத்துப் பாமசிகளில் கணுக்காலுக்குச் சுற்ற பண்டேஜ் கேட்டால் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று பருத்திக் கிறேப், அதாவது சுருக்கம் விழ நெய்த, கொஞ்சம் இழுபடும் பருத்தித் துணிச் சுருள். மற்றது இறப்பர் நூல் கலந்து, நன்றாக இழுபடுவது. உதைபந்தாட்டத்துக்கு வாங்குவதென்றால் பருத்திக் கிறேப்பையே வாங்குங்கள். அகலம் 7.5 சென்ரிமீற்றர், இழுத்த நீளம் 4.5 மீற்றர். பெரியவர் ஒருவரின் காலுக்கு ஒரு சுருள் போதும். 10 சென்ரிமீற்றர் அகலமானது குதிக்காலில் மடிந்து, அந்த மடிப்பே கொப்புளம் போடும். இறப்பர் கலந்தது ஓட ஓட இறுக்கிக்கொண்டே இருக்கும். கால் சூடேறி வீங்கும்போது விரல் விறைத்துவிடும்.

கிறேப் பண்டேஜ் என்றதும் உதைபந்து தெரிந்தவர்களுக்கு முகம்மது சலீம் நினைவுக்கு வருவார். கல்கத்தாவில் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக் கிண்ணம் வென்ற மொகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் விங்கர், அதாவது மைதான ஓரமாக ஓடித் தாக்கும் ஆட்டக்காரர். 1936இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் போய், அங்குள்ள செல்ரிக் அணிக்கு இரண்டு ஆட்டங்கள் ஆடினார், சப்பாத்து இல்லாமல். பயிற்றுநர் ஜிமி மக்மெனமி குனிந்து அவருடைய பாதத்தில் பண்டேஜ் சுற்றும் படம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து அதேமாதிரி பாதம் முழுக்கத் தடிப்பாகச் சுற்றிவிட்டு பூட்ஸுக்குள் காலைத் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். அது பிழை. சலீமுக்குப் பண்டேஜ்தான் சப்பாத்து. இன்றைய உதைபந்தாட்டச் சட்டத்தின் 4ஆம் விதிப்படி சப்பாத்து கட்டாயம்; ஆகவே நமக்குப் பண்டேஜ் அதன் உள்ளே போகிறது. உள்ளங்காலில் இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம்.

சுற்றும் முறையில்தான் பாதிப் பலன். பாதத்தைக் கணைக்காலுக்குச் செங்கோணமாக நிமிர்த்திப் பிடியுங்கள். விரலடியில் தொடங்கி, உட்பக்கமிருந்து உள்ளங்காலுக்குக் கீழாகப் போய் வெளிப்பக்கமாக மேலே இழுங்கள். கணுக்கால் பெரும்பாலும் உள்ளே மடிந்துதான் சுளுக்கும். வெளிவிளிம்பைத் தூக்கிப் பிடிக்க இந்தத் திசை வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் சுளுக்குக்கே வழி செய்து கொடுத்ததாகும். பிறகு எட்டு வடிவில், முந்திய சுற்றின் பாதியை மூடியபடி, கணு எலும்புக்கு மூன்று விரல் மேலே வரை. முழுதாக இழுக்காமல் பாதியளவு இழுங்கள். முடிந்ததும் பெருவிரல் நகத்தை அமத்தி விட்டால் இரண்டு செக்கனுக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்கள்.

கூட வரும் பல்லுள்ள உலோகக் கிளிப்பை ஆட்டத்துக்குப் பாவிக்க வேண்டாம், காலைக் குத்தும். ஒட்டும் பிளாஸ்டரால் நுனியை ஒட்டுங்கள். காலுறைக்கு மேலே பிளாஸ்டர் தெரிந்தால் அது காலுறையின் நிறத்திலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவர் கழற்றச் சொல்லலாம்.

கிறேப்பின் பெரிய குறை, வியர்வையில் தளர்வது. இடைவேளையில் அவிழ்த்துச் சுற்றாவிட்டால் இரண்டாம் பாதியில் அது வெறும் துணி. ஆனால் கழுவினால் இழுவை திரும்ப வரும், இறப்பர் வகைக்கு இல்லாத நல்ல குணம் இது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் போட்டு அலசுங்கள். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக் கடின நீர் என்பதால் சவர்க்காரம் நூலில் தங்கி விறைப்பாக்கும். மழைநீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதை எடுக்கலாம். முறுக்கிப் பிழியாமல், கொடியில் தொங்கவிடாமல், நிழலில் விரித்துக் காயவிடுங்கள். இஸ்திரி போடக் கூடாது.

ஏற்கெனவே கணுக்கால் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் (லிகமென்ற்) அறுந்து, அடிக்கடி மடிபவர்களுக்கு இது போதாது. நாடா கட்டும் கணுக்கால் பிறேஸ் (கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் உறை) வாங்குங்கள். சுளுக்கியவுடன் நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ, கணு எலும்பின் பின் விளிம்பை அமத்த நொந்தாலோ, பண்டேஜைச் சுற்றி மீண்டும் மைதானத்துக்கு அனுப்பாமல் போதனா வைத்தியசாலைக்கு எக்ஸ்ரேக்குக் கொண்டுபோங்கள்.